கொலர் அளவு கூடுகிறது: வர்த்தகர்களும் இரட்டை நாடியும்

வர்த்தகப் பக்கத்தில் நாடிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். டொலர் விலை, அரிசி விலை, வங்கி வட்டி என்று எழுத வேண்டிய இடத்தில் நாடிக்குக் கீழே தொங்கும் சதையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு இந்தச் சதை கடையிலே, காசு லாச்சிக்குப் பின்னால் போட்டிருக்கும் கதிரையிலே வளர்ந்தது. தொழிலால் வந்த ஒன்றைத் தொழில் பக்கத்தில் பேசுவதில் தவறில்லை.

நான் திருகோணமலை பிரதான வீதியில் புடவைக்கடை நடத்துபவன். சேட் வாங்க வருபவரின் கழுத்தில் நாடாவைப் போட்டு அளப்பது எனக்கு அன்றாட வேலை. முன்பு 15 கொலர் வாங்கிய அதே வாடிக்கையாளர் இப்போது 17 கேட்கிறார். மேல் பொத்தானைப் பூட்டிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இந்தக் கொம்பனி சேட் சின்னதாகத் தைக்கிறான்" என்று சொல்லுகிறார். கொம்பனி அளவை மாற்றவில்லை. நாடாவும் பொய் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் 'இரட்டை நாடிச் சரீரம்' என்று ஒருவரைச் சொன்னால் அது பாராட்டாக இருந்தது. முதலாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. வயிறு முன்னால் வந்து, நாடிக்குக் கீழே சதை மடிந்தால் கடை நல்லாய் ஓடுகிறது என்று ஊர் நினைத்தது. இன்று வைத்தியம் அதை வேறு விதமாகப் பார்க்கிறது.

நாடிக்குக் கீழே இருப்பது என்ன?

நாடிக்கும் தொண்டைக்கும் இடையில் தோலுக்கு அடியில் கொழுப்பு சேரும் இடம் ஒன்று உண்டு. மெலிந்தவருக்கும் அங்கே கொஞ்சம் கொழுப்பு இருக்கும். உடம்பில் நிறை கூடும்போது வயிற்றில் சேர்வதைப் போல அங்கேயும் சேர்கிறது. அதன் மேலே கழுத்தை மூடி நிற்கும் மெல்லிய தசையும் தோலும் வயது போகப் போகத் தளர்கின்றன. அப்போது சதை கீழே இறங்கித் தொங்குகிறது.

இதில் எல்லாமே சாப்பாட்டின் குற்றமல்ல. சில குடும்பங்களில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நாடி இருக்கும். தாடை எலும்பு சற்று உள்வாங்கி இருப்பவருக்கு நிறை கூடாமலே இரட்டை நாடி தெரியும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து கையடக்கத் தொலைபேசியையும் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் இருப்பதை அது இன்னும் எடுத்துக்காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கழுத்தில் தெரியும் வீக்கம் எல்லாம் இரட்டை நாடி அல்ல. கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். கழுத்தின் முன்பக்கம் கீழே உள்ள வீக்கம் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் அது தைரொயிட் சுரப்பியாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலும், கல்லுப் போல் கட்டியாக இருந்தாலும், வேகமாகப் பெருத்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தாடி வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தாடி சதையை மறைப்பது போலக் கட்டியையும் மறைத்துவிடும்.

நாடா சொல்லும் செய்தி

கழுத்து பெருப்பது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கழுத்துக்கு உள்ளே மூச்சுக் குழாய் போகிறது. வெளியே சதை கூடும்போது பலருக்கு உள்ளேயும் தொண்டையைச் சுற்றிக் கொழுப்பு கூடுகிறது. படுத்து உறங்கும்போது தசைகள் தளர்ந்து அந்த வழி அடைபடுகிறது. குறட்டை வருகிறது, பிறகு சில விநாடி மூச்சே நிற்கிறது, பிறகு திடுக்கிட்டு மூச்சு இழுபடுகிறது. ஒரு இரவில் இது பல தடவை நடக்கலாம். உறங்குகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். இதை உறக்கத்தில் மூச்சுத் தடை என்பார்கள்.

இந்த நோய் இருக்குமோ என்று முன்கூட்டிச் சல்லடை போட வைத்தியர்கள் 2008இல் வெளியான ஒரு கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். குறட்டை, பகலில் களைப்பு, மூச்சு நிற்பதை மற்றவர் கண்டது, பிரசர், உடல் நிறை, வயது 50க்கு மேல், ஆணாக இருத்தல் ஆகியவற்றோடு கழுத்துச் சுற்றளவையும் அதில் கேட்கிறார்கள். அந்தப் பட்டியல் வெளியானபோது வைத்த அளவு 40 சென்றிமீற்றர். நமது நாடாவில் 15¾ அங்குலம். அதைத் தாண்டிய எல்லோருக்கும் நோய் என்று அர்த்தமல்ல. மற்றக் கேள்விகளுக்கும் "ஆம்" என்ற பதில் சேர்ந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

வர்த்தகருக்கு இது ஏன் முக்கியம்? நாம் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகிறவர்கள். போக சுமார் 260 கிலோமீற்றர், வர அதே தூரம். இஷாவுக்குப் பிறகு கடை பூட்டி, வானை எடுத்து, விடியக் காலை புறக்கோட்டையில் நின்று, மாலையில் திரும்புகிற பழக்கம் நமக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு ஹாட்வெயார் முதலாளி இப்படித் திரும்பும்போது ஹபரணைக்கு இப்பால் ஸ்டேரிங்கிலேயே உறங்கிவிட்டார். வான் பள்ளத்தில் இறங்கியது. மனிதர் உயிரோடு தப்பினார், சரக்கு தப்பவில்லை. களைப்புத்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். பிறகு கொழும்பில் ஒரு விசேட வைத்தியர் அவரை இரவு முழுக்க உறக்கத்தில் வைத்துப் பரிசோதித்தபோதுதான் மூச்சுத் தடை இருப்பது தெரியவந்தது. அவருடைய குறட்டையை நாங்கள் பல வருடமாகப் பகிடி பண்ணியிருக்கிறோம். பகல் நேரத்தில் லாச்சிக்கு முன்னால் அவர் கண்ணயர்வதையும் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது விடயம் சீனி வருத்தம். 2005-2006இல் நாடு முழுதும் செய்த ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு அது இருப்பதே தெரியாது. 2018-2019இல் செய்த இன்னொரு தேசிய ஆய்வு வளர்ந்தவர்களில் சுமார் 23 வீதம் என்று கண்டது. கிட்டத்தட்ட நான்கு பேரில் ஒருவர். பிரதான வீதியில் வரிசையாக இருக்கும் கடைகளை இந்தக் கணக்கில் எண்ணிப் பாருங்கள்.

நாடிச் சதை சீனி வருத்தத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் நாடியில் தெரிகிற கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேர்ந்திருக்க இடமுண்டு, ஆபத்து அங்கேதான். ஆகவே கழுத்தோடு வயிற்றையும் அளவுங்கள். நம் தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதே எல்லை. 90 என்பது ஏறக்குறைய 35½ அங்குலம். தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அளக்க வேண்டும். காற்சட்டை அளவை நம்ப வேண்டாம், அதை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போடுவோம். சாரம் உடுத்துபவர்கள் அதையும் நம்ப முடியாது. சாரத்துக்கு அளவே இல்லை, எவ்வளவு பெருத்தாலும் கட்டிக்கொள்ளலாம்.

சந்தையில் விற்பது என்ன?

இனி, இதைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருட்களுக்கு வருவோம். நாடியைத் தூக்கிக் கட்டும் பட்டி, தடவினால் கரையும் என்னும் கிறீம், வாயில் வைத்துக் கடிக்கும் றப்பர் உருண்டை, முகத்தில் உருட்டும் உருளை ஆகியவை இப்போது அழகுசாதனக் கடைகளுக்கும் வருகின்றன. விற்பனைப் பிரதிநிதிகள் நல்ல கழிவும் தருவார்கள். பட்டி கட்டியிருக்கும் வரை சதையை அழுத்தும், கழற்றினால் பழையபடி. றப்பர் உருண்டை தாடைத் தசைக்குத்தான் வேலை கொடுக்கும். ஒரு இடத்துத் தசையை அசைத்து அதே இடத்துக் கொழுப்பை மட்டும் எடுக்க உடம்பில் வழியில்லை. உடம்பு கொழுப்பை முழுக் களஞ்சியத்திலிருந்துதான் எடுக்கும். எந்த மூலையிலிருந்து முதலில் எடுப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கும்.

ஊசி மருந்தும் உண்டு. பித்தத்தில் இருக்கும் டீஒக்ஸிகோலிக் அமிலம் என்ற பொருளை நாடிக்குக் கீழே ஏற்றினால் அது கொழுப்புக் கலங்களை உடைக்கும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2015 ஏப்ரலில் இதற்கு அனுமதி கொடுத்தது. அதை உருவாக்கிய கைதீரா என்ற நிறுவனத்தை அதே வருடம் அலர்கன் நிறுவனம் சுமார் 2.1 பில்லியன் டொலருக்கு வாங்கியது. நாடிச் சதைக்கு உலகச் சந்தையில் எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது என்பதற்கு இந்தத் தொகையே சாட்சி. அந்த மருந்து விலங்கிலிருந்து எடுக்கப்படாமல் செயற்கையாகச் செய்யப்பட்டது. ஆனால் ஒரு தடவையில் 50 ஊசி வரை, மாத இடைவெளியில் ஆறு தடவை வரை ஏற்ற வேண்டி வரலாம். வீக்கம், விறைப்பு வரும். சிலருக்குத் தாடை நரம்பு பாதிக்கப்பட்டுச் சிரிப்பு ஒரு பக்கம் கோணியதும், விழுங்கச் சிரமப்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் தற்காலிகம் என்றாலும் வைத்தியர் அல்லாதவர் கையில் கொடுக்கக்கூடிய விடயமல்ல. கொழுப்புக் கரைக்கும் ஊசி என்று அனுமதியில்லாமல் விற்கப்படும் வேறு மருந்துகளால் புண்ணும் தழும்பும் தொற்றும் ஏற்பட்டதாக அதே நிர்வாகம் 2023 இறுதியில் எச்சரித்தது. அப்படியான குப்பிகளில் என்ன இருக்கிறது, எதிலிருந்து எடுத்தது என்பது யாருக்கும் தெரியாது.

குளிரூட்டிக் கொழுப்பைக் கொல்லும் இயந்திரமும் இருக்கிறது. கனடாவின் பிரபல மொடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா, அந்தச் சிகிச்சைக்குப் பிறகு கொழுப்பு குறைவதற்குப் பதிலாகத் தடித்துப் பெருத்துவிட்டது என்று 2021இல் உலகுக்குச் சொன்னார். அவர் சிகிச்சை பெற்ற இடங்களில் நாடியும் ஒன்று. இது அபூர்வமான பின்விளைவு, ஆனால் உண்மையானது.

நம் வர்த்தகச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியர் சீட்டில்லாத ஊசிக் குப்பிகளையும், லேபிளில் செய்தவன் பெயர் இல்லாத கிறீம்களையும் கழிவு கூட என்பதற்காக அடுக்க வேண்டாம். வாங்கியவர் திரும்பி வந்தால் கேள்வி நம்மிடம்தான் வரும்.

ஒரு பழைய வியாபாரியின் அனுபவம்

உடம்பைக் குறைக்கும் முறை பற்றி உலகில் முதன்முதல் பிரபலமான சிறுநூலை எழுதியவர் வைத்தியர் அல்ல, நம்மைப் போல ஒரு வியாபாரி. லண்டனில் அரச குடும்பத்து மரணச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்துகொடுக்கும் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர். 1862இல் அவருக்கு வயது 66. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், நிறை 202 இறாத்தல், அதாவது சுமார் 92 கிலோ. குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

அவர் முதலில் நம்பியது உடற்பயிற்சியை. விடிய எழும்பித் தோணி வலித்தார். உடம்பில் பலம் வந்தது, கூடவே பசியும் வந்தது. பசிக்குச் சாப்பிட நிறை இன்னும் கூடியது. நம் துறைமுகத்தில் துடுப்புப் போட்ட எவருக்கும் அந்தப் பசி தெரியும். கடைசியில் காது கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் போனார். அவர் பாண், சீனி, பட்டர், பால், பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். மீன், இறைச்சி, மரக்கறி, கொஞ்சம் பழம் ஆகியவற்றை அனுமதித்தார். அவர் பட்டியலில் நமக்கு ஆகாத மதுவும் இருந்தது, அதை விட்டுவிடுவோம். ஏறக்குறைய ஒரு வருடத்தில் பாண்டிங் 46 இறாத்தல் குறைந்தார். 1863இல் தன் சொந்தச் செலவில் அந்த அனுபவத்தை அச்சிட்டு வெளியிட்டார். 81 வயது வரை வாழ்ந்து 1878இல் காலமானார்.

அவர் பட்டியலை அப்படியே பின்பற்றச் சொல்லி இதை எழுதவில்லை. நடை, பயிற்சி எல்லாம் உடம்புக்கு நல்லது, ஆனால் வாய்க்குள் போவதைக் கவனிக்காமல் பயிற்சியால் மட்டும் நாடி இறங்காது. 160 வருடத்துக்கு முன் ஒரு வியாபாரி கண்டறிந்தது இன்றும் மாறவில்லை.

வருடத்துக்கு அரை மூடை

பாண்டிங்கிடம் இருந்த பாணும் சீனியும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. நாட்டுக்கே கோதுமை மா அரைக்கும் பிறிமா ஆலை 1980 முதல் நம் துறைமுகத்தில், சீனன்குடாவில் இயங்குகிறது. அந்த மா நம் மேசைக்கு வேறு வேறு பெயரில் வருகிறது. காலையில் பாண், பத்து மணிக்கு ரோல்ஸ் அல்லது பெட்டிஸ், மாலையில் பணிஸ், கடை பூட்டிய பிறகு கொத்து. இடையில் பகல் சோறு வேறு.

தேநீருக்கு வருவோம். கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு எட்டு பிளேன்டி சாதாரணம். வாடிக்கையாளர் வந்தால் ஒன்று, பிரதிநிதி வந்தால் ஒன்று, யாரும் வராவிட்டால் அதற்கும் ஒன்று. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி, கரண்டிக்கு 5 கிராம் என்று வையுங்கள். நாளுக்கு 80 கிராம். வருடத்தில் 300 நாள் கடை திறந்தால் 24 கிலோ. 50 கிலோச் சீனி மூடையில் கிட்டத்தட்ட அரை மூடையை ஒரு மனிதர் தேநீரில் மட்டும் குடித்து முடிக்கிறார். உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்ன அளவு, சேர்த்த சீனி எல்லாம் கூடி நாளுக்கு சுமார் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். பிளேன்டியிலேயே நாம் அதைத் தாண்டிவிடுகிறோம்.

சோடாப் போத்தலில் 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் நிறக் குறி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நாம் விற்கிற பொருள்தானே, குடிக்கு முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

கடையிலேயே செய்யக்கூடியவை

சரக்குக் கூடிப்போனால் கொள்வனவைக் குறைத்து விற்பனையைக் கூட்டுவோம். இங்கேயும் அதேதான். என் கடையில் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பிளேன்டி. எட்டை நான்காக்கி, இரண்டு கரண்டியை அரைக் கரண்டியாக்கினேன். ஒரேயடியாக நிறுத்தவில்லை, மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன். நாக்கு பழகிவிட்டது. இன்று பழைய இனிப்பைத் தந்தால் குடிக்க முடியவில்லை.

இரண்டாவது, பத்து மணிச் சாப்பாடு. ரோல்ஸுக்குப் பதிலாக அவித்த கடலை, கௌபி, வாழைப்பழம் அல்லது முட்டை. நம் ஊரில் கடலை விற்பவர் வாசலுக்கே வருகிறார்.

மூன்றாவது, பகல் தட்டு. சோற்றைப் பாதியாக்கி மீனையும் மரக்கறியையும் கூட்டுங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு மீன் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பொரியலைக் குறைத்து ஆணமாகச் சமைத்தால் எண்ணெயும் குறையும்.

நான்காவது, இரவுக் கொத்து. பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பவருக்கு அது நெஞ்செரிவையும் குறட்டையையும் கூட்டும். மஃரிபை அடுத்து லேசாகச் சாப்பிட்டுவிட்டால் கடை பூட்டும்போது அந்தப் பசி இருக்காது.

ஐந்தாவது, கதிரை. கணக்குப் பார்ப்பதைத் தவிர மற்ற வேலையை நின்றுகொண்டு செய்யலாம். துணி எடுத்துக்காட்ட நானே எழும்புகிறேன், பையனை ஏவுவதில்லை. நாள் முழுக்க மூடை சுமக்கும் நாட்டாமிமாரில் இரட்டை நாடி உள்ளவரை நான் அதிகம் கண்டதில்லை.

ஆறாவது, நடை. சுபஹுக்குப் பிறகு டச் பே கடற்கரையோரமாகவோ, பிரட்ரிக் கோட்டைப் பக்கமாகவோ அரை மணி வேகமாக நடக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் போதும். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

நோன்பு காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல் முழுக்கப் பசித்திருந்தும் மாத முடிவில் நிறை கூடியவர்கள் நம்மில் உண்டு. கஞ்சியும் பேரீச்சம்பழமும் அதற்குக் காரணமல்ல. அதோடு வரும் பொரித்த பலகாரம், சர்பத், பிறகு இரவுச் சோறு என்ற அடுக்குத்தான் காரணம்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கக் கூடாது. சீனி அளவு ஆபத்தாக இறங்கிவிடும். வைத்தியரிடம் கேட்டு, மருந்தின் அளவையும் சரிசெய்துகொண்டே தொடங்க வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். முகத்தில் குறைவது பலருக்கு வேளைக்கே தெரியும். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்குக் கொழுப்பு போன பிறகும் தளர்ந்த தோல் கொஞ்சம் மிஞ்சும். தகப்பன் வழி வந்த நாடி என்றால் ஓரளவு இருந்துகொண்டேயிருக்கும். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நாடி முழுக்க மறைந்ததா என்பதைவிட உள்ளே என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். சீனி வருத்தத்தின் எல்லையில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மெற்போமின் மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 வீதம். 80 கிலோ முதலாளிக்கு 7 வீதம் என்றால் 5½ கிலோதான்.

சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளோடு சேர்த்து ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை நடத்துகிறது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு நிறை, பிரசர், இரத்தச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். கடையை ஒரு காலை மட்டும் மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைத்துவிட்டுப் போய்வரலாம். வருட முடிவில் கடையில் இருப்பை எண்ணாமல் எந்த வியாபாரியும் விடுவதில்லை. அந்த நாளோடு சேர்த்துக் கழுத்தையும் வயிற்றையும் அளந்து, இரத்தச் சீனியையும் பார்த்து, மூன்று எண்ணையும் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் உங்கள் குறட்டையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் இன்றிரவே கேட்டுப் பாருங்கள். மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொன்னால், வைத்தியரைப் பார்க்கும் வரை இரவில் கொழும்புக்கு வானை நீங்கள் ஓட்ட வேண்டாம். வேறொரு சாரதியை அழைத்துச் செல்லுங்கள்.